ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா: பாறையேற, நடக்க, கூடாரமடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென் கலிஃபோர்னியாவில் இருக்கும் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்றைத்தான் முதலில் தயாரிக்கிறார்கள். அதைச் சற்று ஒதுக்கி வையுங்கள். இங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவுசெய்கின்றன: வெயில் பாறையின் எந்தப் பக்கம் விழுகிறது, உங்கள் கையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது. எந்த மாதம் போவது, எந்த முகாமில் தங்குவது, காலையில் எந்தப் பாறையில் ஏறுவது, எப்போது நடையை முடிப்பது ஆகிய எல்லாமே இந்த இரண்டிலிருந்து பிறப்பவை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து கிழக்கே சுமார் 140 மைல் தொலைவில் இருக்கிறது பூங்கா. மொஹாவி, கொலராடோ என்ற இரு பாலைவனங்கள் இங்கே சந்திக்கின்றன. உயரமான வடமேற்குப் பகுதி மொஹாவி. குளிர்ச்சியான அந்தப் பகுதியில்தான் முறுக்கிய கைகளோடு நிற்கும் ஜோஷுவா மரங்களும், ஏறுபவர்கள் தேடி வரும் பாறைக் குவியல்களும் உள்ளன. தாழ்வான கிழக்கும் தெற்கும் கொலராடோ. அங்கே வெப்பம் கூடுதல், கூட்டம் குறைவு. பாலைவனத் தாவரங்களைக் காக்கப் போராடிய மினெர்வா ஹோய்ட் என்ற பெண்மணியின் முயற்சியால் 1936இல் இது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. 1994இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 3,200 சதுர கிலோமீட்டர். ஒரு வார இறுதியில் முழுவதையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அக்டோபர் பிற்பாதி முதல் ஏப்ரல் வரைதான் ஏற்றத்துக்கான பருவம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இரவில் 10 டிகிரியை ஒட்டியும் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் பகல் 15 டிகிரி அளவில் இதமாக இருந்தாலும் இரவில் தண்ணீர் உறையும். சில நாள் பனியும் பெய்யும். கோடையில் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறை ஏறும் திட்டத்தோடு இங்கே வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடையில் கைவிரல் வியர்க்கும், ரப்பர் காலணி வழுக்கும், நடைப்பாதைகளில் ஒதுங்க நிழல் இருக்காது. அந்த மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால் வேறு மலையைப் பாருங்கள்.

குளிர்காலத்துக்கு ஒரு நன்மை உண்டு. குளிர்ந்த பாறையில் ரப்பரும் தோலும் நன்றாகப் பிடிக்கும். கலிஃபோர்னியாவின் இன்னொரு தேசியப் பூங்காவான யோசெமிட்டியின் பெரும் பாறைகள் பனியில் கிடக்கும் காலத்தில் அங்கே ஏறுபவர்கள் இங்கே வந்து பயிற்சி செய்தது அதனால்தான். 1970களில் ஜான் லாங், ஜான் பக்கார், லின் ஹில் போன்றவர்கள் இந்தப் பாறைகளில் வளர்ந்தார்கள். யோசெமிட்டியின் எல் காப்பிட்டன் பாறையில் உள்ள ‘நோஸ்’ பாதையைக் கருவிகளைப் பிடித்துத் தொங்காமல் கைகால் பலத்தாலேயே 1993இல் முதன்முதலில் ஏறிக் காட்டியவர் லின் ஹில். குளிர்காலத்தின் குறை, பகல் சுருங்கிவிடுவது. டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எங்கே போனாலும் பையில் தலைவிளக்கு இருக்கட்டும்.

இரண்டாம் படி: முகாமைப் பிடியுங்கள்

பயணத்தில் மிகக் கடினமான ஏற்றம் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. பூங்காவில் ஏறத்தாழ 500 கூடாரத் தளங்கள் இருக்கின்றன. பருவ காலத்தின் வார இறுதிகளில் அத்தனையும் நிரம்பிவிடும். ஜம்போ ராக்ஸ், ரயன், இண்டியன் கோவ், பிளாக் ராக், காட்டன்வுட் ஆகிய முகாம்களுக்கு ரிக்ரியேஷன்.கவ் இணையதளத்தில் ஆறு மாதங்களுக்கு முன்பே முன்பதிவு திறக்கிறது. ஹிடன் வேலி, பெல், வைட் டேங்க் மூன்றும் முதலில் வருபவருக்கே. பெல், வைட் டேங்க் இரண்டும் கோடையில் மூடப்படும்.

பாறையேற வருபவர்களின் கண் ஹிடன் வேலி மேல்தான். 44 தளங்கள் மட்டுமே. ஆனால் இன்டர்செக்‌ஷன் ராக், ஓல்ட் வுமன், சிம்னி ராக் போன்ற பேர்பெற்ற பாறைகள் கூடாரத்தை ஒட்டியே எழுந்து நிற்கின்றன. தேநீர்க் கோப்பையோடு நடந்து போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வரலாம். இடம் பிடிக்க ஒரே வழி, திங்கள் முதல் வியாழனுக்குள் காலையில் வந்து சேர்வது. தளத்தைக் காலி செய்யும் நேரம் நண்பகல். ஒன்பது, பத்து மணிக்குள் ஒரு சுற்று வந்து, கூடாரத்தை மடித்துக்கொண்டிருப்பவர்களிடம் பணிவாகக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்து இடம் தேடுவது வீண் வேலை. வார இறுதியில்தான் வர முடியும் என்றால் முன்பதிவு முகாம்களில் ஒன்றை உறுதிசெய்த பிறகு மற்றதை யோசியுங்கள்.

மற்ற முகாம்களில் எது என்று கேட்டால், குளிர் அதிகமான மாதங்களுக்கு இண்டியன் கோவ். ஹிடன் வேலி 4,200 அடி உயரத்தில் இருக்க, இண்டியன் கோவ் 3,200 அடியில் இருக்கிறது. காற்றும் சற்று அடங்கியிருக்கும். அங்கேயே எளிய ஏற்றப் பாதைகளும் நிறைய. ஆனால் அது நெடுஞ்சாலை 62இலிருந்து தனிச் சாலையில் போய்ச் சேரும் இடம். பூங்காவின் மையத்துக்குக் காரில் போக வேண்டுமானால் வெளியே வந்து சுற்றித்தான் போக வேண்டும். மேற்கு ஓரத்தில் இருக்கும் பிளாக் ராக்கும் அப்படியே. குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஜம்போ ராக்ஸ் ஏற்றது. 124 தளங்கள், பிள்ளைகள் ஓடி ஏறி விளையாட உருண்டைப் பாறைகள் சுற்றிலும் இருக்கின்றன. தெற்கே காட்டன்வுட்டில் குடிநீர்க் குழாய் உண்டு, வானமும் நல்ல இருட்டு, ஆனால் ஏறுவதற்குரிய பெரும் பாறைகள் அங்கிருந்து தொலைவு.

ஒரு தளத்தில் ஆறு பேர், மூன்று கூடாரம், இரண்டு கார் வரைதான் அனுமதி. எட்டுப் பேர் கொண்ட நண்பர் குழு என்றால் இரண்டு தளம் எடுங்கள். இரவோடு இரவாக நெருக்கிக்கொள்ளலாம் என்றால் காலையில் ரேஞ்சர் என்ற பூங்காக் காவலர் வந்து எழுப்புவார்.

மூன்றாம் படி: தண்ணீர்

ஹிடன் வேலி, ஜம்போ ராக்ஸ், ரயன், பெல், வைட் டேங்க் ஆகியவற்றில் தண்ணீர் கிடையாது. கைகழுவக்கூட இல்லை. பிளாக் ராக், காட்டன்வுட் முகாம்களிலும், மேற்கு நுழைவாயிலிலும், இண்டியன் கோவ் ரேஞ்சர் நிலையத்திலும் மட்டுமே நிரப்பிக்கொள்ளலாம். பூங்காவுக்குள் உணவுக் கடையோ பெட்ரோல் நிலையமோ இல்லை. ஹிடன் வேலியிலிருந்து ஜோஷுவா ட்ரீ ஊருக்குப் போக 14 மைல், திரும்பி வர இன்னொரு 14 மைல்.

பூங்கா நிர்வாகத்தின் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ நான்கு லிட்டர். நடந்தோ ஏறியோ உழைக்கும் நாளில் இரண்டு கேலன் வரை தேவைப்படும். சமையலும் பாத்திரம் கழுவுவதும் அதற்கு மேல். நான்கு பேர் மூன்று நாள் தங்கினால் 60 லிட்டருக்குக் குறைந்து எடுத்துப் போகாதீர்கள், தினமும் ஏறவோ நடக்கவோ போகிறீர்கள் என்றால் 96 லிட்டருக்கு மேல்கூடத் தேவைப்படலாம். பெரிய கேன்களில் நிரப்பிக் காரில் நிழல்படும் பக்கம் வையுங்கள். ஒரே கேனாக இல்லாமல் பலவாக இருந்தால் ஒன்று கசிந்தாலும் பயணம் கெடாது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பானமோ உப்பிட்ட கொறிக்கும் தீனியோ சேர்த்து வையுங்கள். வறண்ட காற்றில் வியர்வை தோலில் நிற்காமலே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் இழக்கிறோம் என்பது தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திருப்பது இங்கே தாமதம்.

குடித்துத் தீர்ந்த அளவைக் கவனியுங்கள். பையில் உள்ள நீரில் பாதி முடிந்ததும் திரும்ப வேண்டும். உச்சி இன்னும் பத்து நிமிடத்தில் இருந்தாலும் சரி.

நான்காம் படி: உள்ளே நுழைவது

மூன்று வாயில்கள். மேற்கு வாயில் ஜோஷுவா ட்ரீ ஊருக்கு அருகில், வடக்கு வாயில் ட்வென்டிநைன் பாம்ஸ் ஊருக்கு அருகில், தெற்கு வாயில் ஐ-10 நெடுஞ்சாலையை ஒட்டி. வார இறுதியில் மேற்கு வாயிலில் கார்கள் நீண்டு நிற்கும். காலை எட்டுக்கு முன் வர முடியாதவர்கள் வடக்கு வாயிலுக்குப் போவது நல்லது. கூடுதலாக ஓட்டும் தூரம் வரிசையில் நிற்கும் நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். காருக்கு 30 டாலர், ஏழு நாளுக்குச் செல்லும். பணத்தாள் வாங்குவதில்லை, கார்டு வேண்டும்.

உள்ளே போனதும் கைபேசிச் சைகை போய்விடும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வரைபடத்தையும் ஏற்றப் பாதைகளின் படங்களையும் ஊரிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஹிடன் வேலி முகாமுக்கு எதிரே இன்டர்செக்‌ஷன் ராக் வண்டி நிறுத்துமிடத்தில் அவசரத் தொலைபேசி ஒன்று இருக்கிறது. அதன் இடத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வெளியில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் படி: பாறையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஏறப் போகிறவர் முதலில் அரை மணி நேரம் பாறையைச் சுற்றி நடக்க வேண்டும். இது மான்சோகிரானைட். பூமிக்கடியில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து உருவானது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய படிகங்கள். மேலே அழுத்திக்கொண்டிருந்த பாறைகள் அரிக்கப்பட்டு நீங்கியபோது அடியில் இருந்த கல் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் வெடித்தது. ஈரமான காலங்களில் நிலத்தடி நீர் அந்த வெடிப்புகளில் இறங்கி, கனசதுரத் துண்டுகளின் முனைகளைக் கரைத்து உருட்டியது. பின்னர் மண்ணை வெள்ளம் அடித்துப் போக, உருண்ட கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றுவிட்டன. யாரோ அடுக்கியதுபோலத் தெரியும் குவியல்களின் கதை இதுதான்.

இந்தக் கதை ஏறுபவரின் கைக்கும் காலுக்கும் நேராகப் பொருந்துகிறது. செங்குத்து வெடிப்புகளே இங்குள்ள பாதைகளில் பெரும்பாலானவை. கையை உள்ளே நுழைத்து, கட்டைவிரலை மடக்கி, உள்ளங்கையைப் புடைக்கச் செய்து பூட்டிக்கொண்டு மேலே போகும் முறையைக் கற்றாக வேண்டும். உள்ளரங்கச் செயற்கைச் சுவரில் பழகியவருக்கு இது புதிய மொழி. படிகங்கள் தோலைக் கிழிக்கும். புறங்கையில் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். உருண்ட முகப்புகளிலோ பிடிக்க எதுவும் இருக்காது. காலணியின் ரப்பரை முழுதாகப் பாறையில் ஒட்டி, குதிகாலைத் தாழ்த்தி, உராய்வை நம்பி எழ வேண்டும். பயந்து பாறையோடு உடலை ஒட்டினால் கால் வழுக்கும். நிமிர்ந்து நின்றால் பிடிக்கும்.

ஆறாம் படி: எங்கே ஏறுவது, எப்போது ஏறுவது

பூங்காவில் 8,000க்கு மேற்பட்ட ஏற்றப் பாதைகள் இருக்கின்றன. கயிறில்லாமல் மெத்தை விரித்து ஏறும் குட்டைப் பாறைச் சவால்கள் இன்னும் 2,000. அத்தனையையும் எண்ணி மலைக்க வேண்டாம். காலை நிழல் வேண்டுமா, மாலை நிழல் வேண்டுமா என்று கேளுங்கள், பட்டியல் தானாகச் சுருங்கும்.

ஓல்ட் வுமன் பாறையை எடுத்துக்கொள்வோம். அதன் கிழக்கு முகத்தில் ‘டோ ஜாம்’ என்ற 5.7 பாதை (இந்த எண் கடினத்தின் அளவு, விளக்கம் அடுத்த பத்தியில்). மேற்கு முகத்தில் ‘டபுள் கிராஸ்’ என்ற 5.7+ வெடிப்பு. குளிர்காலக் காலையில் கிழக்கு முகம் வெயிலில் இதமாக இருக்கும், மேற்கு முகம் உறைந்திருக்கும். ஏப்ரலில் இதைத் தலைகீழாக மாற்றிப் போடுங்கள்: காலையில் மேற்கு, மதியத்துக்குப் பின் கிழக்கு. முகாமிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் ஒரே பாறையிலேயே ஒரு நாளை இப்படி வகுத்துவிடலாம். ‘டபுள் கிராஸ்’ பற்றி ஓர் எச்சரிக்கை: புகழ் பெற்றது, எளிது என்று பேசப்படுவது, ஆனால் விபத்துகளுக்கும் பேர்போனது. வெடிப்பின் அகலத்துக்குப் பொருந்தும், உள்ளே செருகினால் விரிந்து பூட்டிக்கொள்ளும் ‘கேம்’ கருவிகள் போதிய அளவு இல்லாமலும், அவற்றைப் பதிக்கும் அனுபவம் இல்லாமலும் முன்னால் ஏறிப் போகாதீர்கள்.

இங்கே எண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தர வரிசையில் 5 என்பது கயிறு தேவைப்படும் ஏற்றம். புள்ளிக்குப் பின் வரும் எண் கூடக்கூடக் கடினம். 5.10இலிருந்து ஏ, பி, சி, டி என உட்பிரிவும் உண்டு. இந்த முறை 1950களில் இங்கிருந்து தொலைவில் இல்லாத டாக்விட்ஸ் பாறையில்தான் உருப்பெற்றது. அந்தப் பழைய கண்டிப்பு ஜோஷுவா ட்ரீயின் பாதைகளில் இன்னும் இருக்கிறது. உள்ளரங்கச் சுவரில் 5.10 ஏறும் ஒருவர் இங்கே 5.6இல் தொடங்குவதே முறை. தன்மானம் இடிக்கும், ஆனால் இரண்டாம் நாள் நன்றி சொல்வீர்கள்.

புதியவர்களுக்கு என் வரிசை இது. மேற்கு வாயிலிலிருந்து வரும்போது முதலில் எதிர்ப்படும் குவாயில் ஸ்பிரிங்ஸ் உணவுத் திடலில் டிராஷ்கேன் ராக் இருக்கிறது. பெயர் குப்பைத் தொட்டி என்றாலும் சாய்வான, அன்பான பாறை. அதன் மேற்கு முகத்தில் காலை நிழலில் உராய்வு ஏற்றத்தைப் பழகுங்கள். அடுத்து இன்டர்செக்‌ஷன் ராக்கில் ‘மைக்ஸ் புக்ஸ்’, 5.6. பின்பு ஹிடன் வேலி நடைப்பாதைக்குள் இருக்கும் ‘செயில் அவே’, 5.8. வெடிப்பு ஏற்றத்தின் அழகை முதன்முதலில் உணர அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. உயரம் வேண்டும் என்பவர்களுக்கு ரயன் மலைச் சரிவில் உள்ள சேடில் ராக்ஸ். அங்கே ‘வாக் ஆன் த வைல்ட் சைட்’ பல கயிற்று நீளம் போகும், பாறையில் துளையிட்டு ‘போல்ட்’ என்ற உலோக ஆணிகள் அடித்த உராய்வுப் பாதை. போல்ட்டுகளுக்கு இடையே தூரம் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

துணைக்கு அனுபவசாலி இல்லையென்றால் பூங்காவின் அனுமதி பெற்ற ஏற்ற வழிகாட்டி ஒருவரை ஒரு நாள் அமர்த்துங்கள். கருவிகளை அவர்களே தருவார்கள். இதில் கஞ்சத்தனம் பார்ப்பது தவறான இடத்தில் பார்க்கும் கஞ்சத்தனம்.

ஏழாம் படி: இறங்குவதை முதலில் திட்டமிடுங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகப் படித்துவிட்டுத் தாண்டாதீர்கள். ஜோஷுவா ட்ரீயில் பல பாறைகளின் உச்சியில் போல்ட் இல்லை. ஏறியவர் வெடிப்புகளில் தம் கருவிகளைப் பதித்துக் கயிற்றைத் தாங்கும் நங்கூரம் அமைத்து, இரண்டாமவரை மேலே கொண்டுவந்து, பின்பு வேறு பக்கமாகக் கைகால் ஊன்றி இறங்க வேண்டும். அந்த இறக்கம் சில இடங்களில் ஏறிய பாதையைவிட மனத்தை உலுக்கும். கயிற்றைக் கழற்றிவிட்டோம், வேலை முடிந்தது என்ற நினைப்போடு களைத்த கால்களால் உருண்டைக் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவும் நேரம்தான் ஆபத்தானது.

ஆகவே கீழே நிற்கும்போதே கேளுங்கள். இறங்கும் பக்கம் எது? கயிற்றில் இறங்கும் போல்ட்டுகள் இருக்கின்றனவா? ஒரே கயிறு தரையைத் தொடுமா? விடை தெரியாத பாறையில் ஏற வேண்டாம். நங்கூரத்துக்கு 12 முதல் 15 மீட்டர் நீளமுள்ள, இழுபடாத தனிக் கயிறு ஒன்றைக் கொண்டுபோங்கள். உச்சியின் வெடிப்புகள் விளிம்பிலிருந்து தள்ளியே இருக்கும். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் தடித்த துணியோ காப்புறையோ வையுங்கள். இந்தப் படிகங்கள் கயிற்றை அரம்போல் அறுக்கும். கயிற்றில் இறங்குபவர் கயிற்றின் இரு முனைகளிலும் முடிச்சிட மறக்கக் கூடாது. ஹெல்மெட் எப்போதும் தலையில்.

ஏறாதவர்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைகளும் புகைப்படம் எடுப்பவர்களும் கயிறின்றி உருண்டைப் பாறைகளில் ஏறுவது இங்கே வழக்கம். ஏறுவது சுலபம், இறங்கும்போது கால் வைக்கும் இடம் கண்ணில் படாது. ஒவ்வொரு நகர்வுக்கும் முன் ‘இதே வழியில் திரும்ப முடியுமா’ என்று பார்க்கச் சொல்லுங்கள்.

விதிகளில் ஏறுபவர்கள் அறிய வேண்டியவை சில. மரத்தையோ செடியையோ நங்கூரமாகப் பயன்படுத்தக் கூடாது. பாறை ஓவியம், பாறைச் செதுக்கல் உள்ள இடத்திலிருந்து 50 அடிக்குள் ஏறக் கூடாது. செரானோ, கஹுவில்லா, செமஹுவேவி, மொஹாவி மக்களின் முன்னோர் விட்டுச் சென்றவை அவை. வனப் பாதுகாப்புப் பகுதியில் புதிய போல்ட் அடிக்க அனுமதி தேவை. கழுகு, வல்லூறு வகைப் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் சில பாறைகள் மூடப்படும், அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ஜோஷுவா மரத்தில் ஊஞ்சல் படுக்கை கட்டுவதும் குற்றம். அது ஆண்டுக்குச் சில அங்குலமே வளரும். ஒரு கிளை முறிந்தால் நம் ஆயுளில் அது ஈடாகாது.

எட்டாம் படி: நடை

விரல்தோல் உரிந்த நாள் நடைக்கு உகந்த நாள். ஹிடன் வேலி வளையப் பாதை ஒரு மைல், சுற்றிலும் பாறை மதில்கள். கால்நடைத் திருடர்கள் மாடுகளை ஒளித்து வைத்த இடம் என்று கதை சொல்வார்கள். நடக்கும்போதே மேலே ஏறுபவர்களைப் பார்க்கலாம். பார்க்கர் டாம் 1.1 மைல், மழை பெய்த ஆண்டில் மட்டும் அணையில் நீர் நிற்கும். மண்டையோடு போன்ற ஸ்கல் ராக்கைச் சுற்றிய பாதை 1.7 மைல். இவை முதல் நாள் மாலைக்குப் போதும்.

ஒன்றே ஒன்று நடக்க நேரம் இருந்தால் ரயன் மலை. போக வர மூன்று மைல், 1,050 அடி ஏற்றம், உச்சி 5,457 அடி. பாதை நெடுகக் கல்படிகள், நிழல் ஓரிடத்திலும் இல்லை. விடியுமுன் தலைவிளக்கோடு ஏறத் தொடங்கினால் உச்சியில் சூரியன் எழும். ஒன்பது மணிக்குள் காருக்குத் திரும்பியிருப்பீர்கள். நண்பகலில் ஏறுபவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை, காட்சியும் தட்டையாக இருக்கும், உடலும் வாடும்.

நீண்ட நடைக்கு இரண்டு பனைச்சோலைகள். ஃபார்ட்டிநைன் பாம்ஸ் மூன்று மைல். போகும்போதும் வரும்போதும் ஒரு முகட்டைக் கடக்க வேண்டும். தெற்கே காட்டன்வுட்டிலிருந்து தொடங்கும் லாஸ்ட் பாம்ஸ் 7.5 மைல். கலிஃபோர்னியாவின் சொந்த விசிறிப் பனைகள் கூட்டமாக நிற்கும் இடம். அங்கே போவது இறக்கம், திரும்புவது ஏற்றம், அதுவும் வெயில் ஏறிய பிறகு. பாதித் தண்ணீரில் திரும்பும் விதி இந்தப் பாதையில் செல்லாது. வருவதற்கு மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்க வேண்டும்.

இரண்டு நாள் பையைச் சுமந்து நடக்க விரும்புகிறவர்களுக்கு எட்டு மைல் பாய் ஸ்கவுட் பாதையும் 35 மைல் கலிஃபோர்னியா குதிரை, நடைப் பாதையும் உண்டு. முகாமுக்கு வெளியே இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும், முழுத் தண்ணீரையும் முதுகில் சுமக்க வேண்டும். வறண்ட ஓடைப் படுகையில் படுக்கை விரிக்காதீர்கள். தொலைவில் பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும்.

பாம்பைப் பற்றிப் பலர் கேட்பார்கள். வாலை ஆட்டிச் சலசலக்கும் விஷப் பாம்புகள் (ராட்டில்ஸ்நேக்) இருக்கின்றன. கை நுழைக்கும் வெடிப்பையும் கால் வைக்கும் பொந்தையும் பார்த்துவிட்டு வைத்தால் போதும். அன்றாடத் தொல்லை தேனீக்கள்தான்: நீர் தேடி வியர்த்த சட்டைக்கும் காரின் குளிர்சாதனக் கசிவுக்கும் வரும். ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தோடு வாருங்கள். காரை எடுக்குமுன் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். பாலைவன ஆமை நிழலுக்கு அங்கே ஒதுங்கும்.

ஒன்பதாம் படி: இரவு

சூரியன் மறைந்த அரை மணியில் குளிர் இறங்கிவிடும். உறைநிலைக்கும் கீழே தாங்கும் உறக்கப் பை, தரையிலிருந்து குளிரைத் தடுக்கும் விரிப்பு, தலைக்குக் கம்பளித் தொப்பி. கூடாரத்தின் முளைகள் கடின மணலில் நிற்காது போகலாம், காற்றும் வலுவானது. கூடாரத்தின் நான்கு மூலைகளிலும் உள்ளே கனமான பைகளை வையுங்கள். தீ மூட்டுவது முகாமின் இரும்பு அடுப்பில் மட்டும். விறகை ஊரில் வாங்கி வர வேண்டும், பூங்காவில் கிடக்கும் ஒரு சுள்ளியைக்கூடப் பொறுக்கக் கூடாது. உணவைப் பூட்டி வையுங்கள். கயோட்டி என்ற நரி போன்ற காட்டு விலங்குகள் சத்தமின்றி வந்து போகும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம்.

2017இல் இது சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. அமாவாசையை ஒட்டி வந்தால் பால்வீதியைப் பார்க்கலாம். மேற்குத் தொடுவானில் நகர வெளிச்சம் தெரியும், கிழக்கும் தெற்கும் நல்ல இருட்டு. சிவப்பு ஒளித் தலைவிளக்கு இருந்தால் கண் இருளுக்குப் பழகியபடியே இருக்கும்.

பத்தாம் படி: புறப்பாடு

கடைசி நாளில் விடியலிலேயே கூடாரத்தை மடித்துவிட்டுத் தெற்கு நோக்கி ஓட்டுங்கள். அதற்கு முந்தைய மாலையில் கீஸ் வியூ என்ற காட்சிமுனைக்குப் போயிருந்தால் 5,185 அடியிலிருந்து கோச்செல்லா பள்ளத்தாக்கையும், சான் ஆண்ட்ரியாஸ் நிலப் பிளவையும், எதிரே சான் ஹசின்டோ மலையையும் பார்த்திருப்பீர்கள். டாக்விட்ஸ் பாறை அந்த மலையில்தான் இருக்கிறது.

பிண்டோ சமவெளியை நோக்கிச் சாலை இறங்க இறங்க ஜோஷுவா மரங்கள் மறைந்து, சோயா (Cholla) என்ற முட்கள்ளிகளின் தோட்டம் வரும். கால் மைல் வளையம். காலை வெயில் முட்களுக்குப் பின்னால் இருக்கும் நேரத்தில் போனால் நல்ல படங்கள் கிடைக்கும். முட்துண்டுகள் லேசான உரசலிலேயே ஒட்டிக்கொள்ளும். விரலால் பிடுங்காமல் சீப்பை அடியில் கொடுத்துத் தள்ளிவிடுங்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள், செருப்போடு இறங்க விடாதீர்கள்.

காட்டன்வுட்டில் குப்பையைப் போட்டுவிட்டு, பாட்டில்களை நிரப்பிக்கொண்டு ஐ-10 நெடுஞ்சாலையில் சேரலாம். பெட்ரோல் குறைவாக இருந்தால் லாஸ் ஏஞ்சலீஸ் திசையில் திரும்புமுன் யோசியுங்கள்: மேற்கே இண்டியோ வரை சுமார் 25 மைல். கிழக்கே சில மைலிலேயே சிரியாக்கோ சம்மிட் என்ற நிறுத்தத்தில் பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும்.